முதல் பாதி அவருக்கு

பல்லு அக்காவுக்கு நாடகங்கள் எப்படி முடியும் என்பது தெரியும். எப்படித் தொடங்கும் என்பது தெரியாது. அவள் கணவருக்கு நேர்மாறு. யார் வீட்டில் யார் காணாமல் போனார், எந்த அண்ணன் எந்தத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டான், எந்தப் பெண் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள் என்பதுவரை விலாவாரியாகச் சொல்வார். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அதை எங்க வீட்டுல கேளுங்க" என்று மனைவி பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

இது மறதி இல்லை. டிக்கெட் விலை செய்த வேலை.

அக்கா வேலை செய்வது ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். பல்செட் கட்டுவது அவள் தொழில். சின்னச் சுடரில் கத்தியைச் சூடாக்கி, இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவாள், தோட்டத்தில் நாற்று வைப்பதுபோல. சுவரோரத்து அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருக்கும். யாரோ ஒரு நல்ல ஜோக்கைச் சொல்லிவிட்டு வெளியே போனதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். எல்லாப் பல்லையும் நூல் பிடித்தாற்போல் நிறுத்தக் கூடாது, ஒன்றாவது லேசாகத் திரும்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப்பல் என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்பது அந்த அறையின் பழைய பேச்சு. அக்கா அதில் கைதேர்ந்தவள். அவள் கட்டிய பல்லோடு சிரிக்கிறவரைப் பார்த்து, சொந்தப் பல் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு.

கணவர் ரொட்டிக்காரர். ஊர் தூங்கப் போகும் நேரத்தில் எழுந்து, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் களைத்துப்போகும் வேலை. அடுப்பு முன்னால் நின்று நின்று முன்கையில் முடியே கிடையாது. மதியம் வீட்டுக்கு வரும்போது சூடான ரொட்டி வாசனை முதலில் நுழையும், அவர் பின்னால் வருவார். தலையில் மாவு. அது மாவா நரையா என்ற கேள்விக்கு இப்போதெல்லாம் பதில் இல்லை.

இரண்டு பேருக்கும் நாடகம் என்றால் உயிர். காதலித்த காலத்தில் அவர்கள் போய் உட்கார்ந்த ஒரே இடம் அந்த நாடக அரங்கம்தான். கடைசி வரிசை, மாடிக்கு அடியில். அப்போது ஒரு டிக்கெட் ஒரு ரொட்டி விலை. ரொட்டிக்காரர் உலகத்தில் உள்ள எல்லா விலையையும் ரொட்டியில்தான் நிறுப்பார். பிறகு டிக்கெட் இரண்டு ரொட்டி ஆயிற்று. மகள் பிறந்தபோது மூன்று. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அரங்கம் கைமாறியது. புது விளக்கு வந்தது, குளிரூட்டி வந்தது, மெத்தை வைத்த நாற்காலி வந்தது, ஒவ்வொன்றும் வரும்போது விலையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. வாராவாரம் வருகிறவர்களுக்கென்று ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள், அதைக் காட்டினால் கொஞ்சம் குறையும். அதையும் நிறுத்தினார்கள். "டிக்கெட்டா இது, யானை விலை சொல்றான்" என்று முணுமுணுத்தபடி பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எப்போதும் முதல் ஆளாகக் கைதட்டும் தபால்காரர் போனார். ஒரு பொட்டலம் கடலையை நாடகம் முழுவதும் சத்தமில்லாமல் தின்னும் நர்ஸ் சகோதரிகள் போனார்கள்.

இவர்களும் சில மாதம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டில் இரண்டு பேரும் ஒரு சுவர்க்கடிகாரமும் மட்டும் இருந்தார்கள். கடிகாரம்தான் அதிகம் பேசியது.

ஒருநாள் ரொட்டிக்காரர் மனம் பொறுக்காமல் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார்.

"நீ போயிட்டு வா."

"நான் எதுக்கு? நீங்க போங்க. ராத்திரி பூரா அடுப்புல வேகறது நீங்க."

"நீ போனா நல்லா கதை சொல்லுவே. எனக்குச் சொல்ல வராது."

"எனக்கு மட்டும் உள்ள உக்காந்து பாக்க வருமா? பக்கத்து சீட்டு காலியா இருந்தா எனக்கு நாடகமே ஏறாது."

போ, நீங்க போங்க என்று பேசிப் பேசி நாடகம் தொடங்கும் நேரமே நெருங்கிவிட்டது. கடைசியில் அக்கா டிக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பல்லை எங்கே நடுவது என்று முடிவு செய்யும் முகத்தோடு சொன்னாள்: "முதல் பாதி உங்களுக்கு. மிச்சம் எனக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. வருடக்கணக்காக நடந்தது.

இடைவேளையில் கூட்டம் டீக்கு வெளியே வரும். ரொட்டிக்காரரும் வருவார். அக்கா எதிரே இருக்கும் சின்னப் பூங்காவின் பெஞ்சில் காத்திருப்பாள். வாசலில் கிழித்துக் கொடுத்த டிக்கெட் துண்டு, டீக் கோப்பையோடு கோப்பையாகக் கைமாறும். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அந்த டீ ஆறுவதற்குள் முதல் பாதியை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்ப்பார். யார் யாருக்கு என்ன வேண்டும், யார் நல்லவன் மாதிரி நடிக்கிறான், யாரைக் கண்டால் தனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்பதுவரை. மணி அடித்ததும் அக்கா உள்ளே போவாள். நாடகம் முடிந்ததும் இருவரும் பேருந்தை விட்டுவிட்டு நடப்பார்கள். வீடு வரும்வரை இரண்டாம் பாதி அவள் வாயிலிருந்து வரும். கதை நீண்டுவிட்டால் தெருவை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவார்கள்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் சிரிப்பாள். "அரை டிக்கெட்டாம்மா? சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் அரை டிக்கெட் குடுப்பாங்க. போன்லயே எவ்வளவோ வருதே, வீட்டுல உக்காந்து ரெண்டு பேரும் முழுசாப் பாக்கக் கூடாதா?"

"போன்ல பாத்தா கூடச் சேந்து சிரிக்க ஆளில்லையேடி" என்பாள் அக்கா.

வாசல் காவலுக்கு இருந்த கதவுக்காரருக்கு இந்த விஷயம் முதல் மாதமே தெரிந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளாததற்குக் காரணம் அவர் வாயில் இருந்தது. கீழ்ப்பல்செட் தளர்ந்துபோய், "டிக்கெட், டிக்கெட்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கூடவே இன்னொருவர் தாளம் போடுவதுபோல் சத்தம் வரும். அக்காவுக்கு அது கேட்கச் சகிக்கவில்லை. ஒருநாள் வாசற்படியிலேயே அவரை உட்காரவைத்து, "ஆ காட்டுங்கண்ணே" என்றாள். அடுத்த வாரம் பல்செட் பசை போட்டாற்போல் பொருந்தியது. அன்றிலிருந்து இடைவேளை முடிந்து அக்கா உள்ளே வரும்போது கதவுக்காரர் கூரையை அண்ணாந்து பார்ப்பார். கூரையில் ஒன்றும் கிடையாது, ஒரு பழைய ஒட்டடையைத் தவிர.

அவருடைய குடையும் சாப்பாட்டுப் பையும் எப்போதும் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகள் மேல் கிடக்கும். மாடியைத் தாங்கும் தூண் ஒன்று அந்த இரண்டுக்கும் நேர் முன்னால் நின்றது. அதில் யாரையும் உட்காரவைக்க முடியாது.

அந்த வருட நாடகப் பருவத்தில் விலை மறுபடி ஏறியது. ரொட்டிக்காரர் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று உதட்டை அசைத்தார். "இந்த ரேட்டுக்கு ஒரு கூடை ரொட்டி வருமே" என்றார். பலகையில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. கதவுக்காரர்தான் அதை வாசித்துக் காட்டினார்.

"அடுத்த நாடகத்துல இருந்து உள்ள வர்றவங்க கையில முத்திரை குத்தணுமாம் தங்கச்சி. இடைவேளைக்கு வெளிய போனா, முத்திரை இருக்கிற கைதான் உள்ள வரலாம்."

"கையை மாத்திக்க முடியாதுல்ல" என்றார் ரொட்டிக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. கதவுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இந்த நாடகம் பழைய மாதிரிதான். ஆனா பாத்து வாங்க. புதுசா வந்திருக்கிற மேலாளரம்மாவுக்குத் தெரிஞ்சா முதல்ல என் வேலைதான் போகும்."

ஆக, இது கடைசி. பாதியாவது இருந்தது, இனி அதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா அரிசி விலை, பால் விலை என்று வேறெதையோ பேசிக்கொண்டு வந்தாள். இதைப் பேசினால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியது. ஒரு டிக்கெட்டுக்காக அழுதாள் என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். ஆனால் அந்த நடை, அந்த டீ, வாயே திறக்காத மனுஷர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லும் அந்த நேரம்? அதற்கெல்லாம் எந்தக் கடையில் டிக்கெட் தருவார்கள்?

அந்த ஞாயிறு வந்தது. ரொட்டிக் கடையில் ஓர் ஆள் நின்றுவிட்டதால் ரொட்டிக்காரர் அந்த வாரம் முழுக்க இரண்டு ஆள் வேலை பார்த்திருந்தார். கண் இரண்டும் அடுப்புத் தணல்போல் சிவந்திருந்தன. "முடியலேன்னா இருங்க, நான் முழுசாப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் அக்கா. "கடைசித் தடவை. என் பாதியை நான் விடமாட்டேன்" என்று சட்டையை மாட்டினார்.

இடைவேளையில் அவர் வெளியே வந்தபோது அவருடைய வலது கன்னத்தில் கோடு கோடாக ஏதோ பதிந்திருந்தது.

"என்னங்க இது கன்னத்துல?"

"புது சீட்டு. சாஞ்சு உக்காந்தேன்" என்றார் அவசரமாக. "கதையைக் கேளு. ஒரு கிழவர், ரெண்டு பையன்க. வீட்டை விக்கணும்கறான் பெரியவன். கூடாதுங்கறான் சின்னவன். கிழவருக்கு உடம்பு முடியலை. இருமல். ரொம்ப இருமல். கடைசியில செத்துப் போயிட்டாரு. இனிமே வீடு யாருக்குன்னுதான் சண்டை."

அவ்வளவுதான். டீ இன்னும் பாதிகூடக் குறையவில்லை. அக்காவுக்கு ஏதோ உறுத்தியது. ஒரு பல்கூடத் திரும்பி நிற்காத கதை. "அப்புறம்?" என்றாள். "அப்புறம் நீதான் பாக்கணும்" என்று டிக்கெட் துண்டைக் கையில் திணித்தார். மணி அடித்துவிட்டது. களைப்பில் சுருக்கிவிட்டார் போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்காரர் கூரையைப் பார்த்தார்.

விளக்குகள் அணைந்தன. திரை விலகியது. மேடையில் ஒரு வீட்டுக் கூடம். நடுவில் நாற்காலி. நாற்காலியில் ஒரு கிழவர் சாவகாசமாகக் கால்மேல் கால் போட்டு ஆப்பிளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவன் கேட்டான்: "அப்பா, எனக்கொரு துண்டு?"

அக்கா எழுந்து நின்றேவிட்டாள். எழுந்ததும் அவளுக்குத் தெரியாது, வாய் திறந்ததும் தெரியாது.

"ஐயையோ! இவருதான் செத்துட்டாரே!"

மாடி, கீழ், முன்வரிசை எல்லாம் ஒரே கணத்தில் திரும்பின. பெரியவனாக நடித்த இளைஞனின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் இருந்த மூத்த நடிகர் மட்டும் ஆப்பிள் சீவுவதை நிறுத்தாமல், கடைசி வரிசை இருந்த இருட்டைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"இன்னும் இல்லைம்மா. இந்தப் பசங்க முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கி மறுபடி எழுந்தது. அக்கா நாற்காலிக்குள் புதைந்துபோனாள். புது மெத்தை அதற்காவது உதவியது. அதற்குப் பிறகு மேடையில் நடந்தது எதுவும் அவள் தலைக்குள் இறங்கவில்லை. கிழவர் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும், மனுஷன் எதற்கு இப்படி ஒரு பொய்யைச் சொன்னார் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்து எழுந்தபோது வரிசை முனையில் மேலாளர் நின்றிருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, ஒரு நிமிஷம் ஆபீசுக்கு வாங்க" என்றாள். குரல் கடுமையாக இல்லை. அதனாலேயே அக்கா கூடுதலாகப் பயந்தாள். பின்னாலேயே கதவுக்காரரும் வந்தார், பேயறைந்த முகத்தோடு.

அலுவலகம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய நாடகங்களின் சுவரொட்டிகள். மேசை மேலிருந்த கணினித் திரையில் அரங்கத்தின் நாற்காலிகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. விற்றது பச்சை, விற்காதது சாம்பல். பச்சையைவிடச் சாம்பல்தான் அதிகம். கடைசி வரிசையில் இரண்டு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது.

"நான் திட்டறதுக்குக் கூப்பிடலை" என்றாள் மேலாளர். "ஆனா ஒண்ணு புரியலை. முதல் பாதியில அவரு சாகவே இல்லையே. நீங்க முதல்ல இருந்து உள்ள இருந்தீங்கதானே?"

அக்கா கதவுக்காரரைப் பார்த்தாள். அவர் இங்கேயும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். ஒரு பொய் வேண்டும், அதுவும் உடனே. மெழுகில் பல்லை நட்டதுபோல் வாயில் வந்ததை நட்டாள்.

"இருந்தேன்மா. தூங்கிட்டேன். அதான் எது கனவு எது கதைன்னு தெரியலை."

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வெளியே வந்த கூட்டமெல்லாம் செத்த கிழவரைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு போவதைக் கேட்டு, பதறிப்போய் ஓடி வந்திருக்கிறார். காதில் விழுந்தது மனைவியின் கடைசி வார்த்தை மட்டும். தனக்காக அவள் பழியைச் சுமக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"அவ தூங்கலைங்க" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "தூங்கினது நான்."

மேலாளர் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரு?" என்றாள் மேலாளர்.

"முதல் பாதி" என்றார் ரொட்டிக்காரர்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வந்து சேந்தீங்களே, நல்ல நேரம் பாத்து!"

இதற்கு மேல் பூசி மெழுக என்ன இருக்கிறது? எல்லாம் வெளியே வந்துவிட்டது, டீக் கோப்பையும் டிக்கெட் துண்டும் உட்பட. "இவங்க மேல தப்பில்லைம்மா, கதவுல நின்னது நான்தானே" என்று கதவுக்காரர் தானாகவே முன்னால் வந்தார். மேலாளர் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது பாதி ஒப்பனை கலைந்த முகத்தோடு மூத்த நடிகர் எட்டிப் பார்த்தார். ஒரு புருவம் நரைத்திருந்தது, இன்னொன்று கறுப்பாக இருந்தது. "என்னைச் சாகடிச்சது யாரு? அவங்களைப் பாக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே வந்து மேசை முனையில் உட்கார்ந்தார்.

ரொட்டிக்காரர் கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க. திரை தொறந்தப்போ நீங்க கட்டில்ல படுத்து இருமினதைப் பாத்தேன். பசங்க சண்டையும் பாத்தேன். அவ்வளவுதான் ஞாபகம், கண்ணு சொருகிடுச்சு. எந்த நாடகத்துலங்க, முதல்லயே இருமற கிழவர் இடைவேளையைத் தாண்டியிருக்காரு? ஒரு ஊகத்துல சொல்லிட்டேன்."

நடிகர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நியாயமான ஊகம்தான். நானே முதல்ல கதையைப் படிச்சப்போ அப்படித்தான் நினைச்சேன். சம்பளம் பாதி நேரத்துக்குத்தான் தருவாங்களோன்னு பயந்துட்டேன்." பிறகு அக்காவைப் பார்த்தார். "இத்தனை மாசமா ஆடறோம்மா. நான் செத்துட்டேன்னு பதறி எழுந்தது நீங்க ஒருத்தர்தான்."

மேலாளரும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். "எனக்கும் கோபம் இல்லை. ஆனா ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆள். அதை நான் மாத்த முடியாது. விலையும் என் கையில இல்லை. விளக்குக் கடனையும் சீட்டுக் கடனையும் இந்த டிக்கெட்டுதான் கட்டுது. அண்ணே, உங்களை நான் ஒண்ணும் பண்ணலை. ஆனா அடுத்த நாடகத்துல முத்திரை குத்தித்தான் ஆகணும்."

கதவுக்காரருக்கு மூச்சு வந்தது. ரொட்டிக்காரர் தலையாட்டினார், முடிந்துபோன ஒன்றுக்குத் தலையாட்டுவதுபோல. "சரிங்க, வரோம்" என்று மனைவியின் கையைத் தொட்டார்.

அக்கா நகரவில்லை. அவள் கண் கணினித் திரையிலேயே இருந்தது.

"இந்தக் கறுப்புக் கட்டம் ரெண்டும் என்னம்மா?"

"அதுவா? தூணுக்குப் பின்னாடி. அதை விக்கிறதில்லை."

"அதுல நம்ம அண்ணனோட குடை உக்காந்து பாக்குது. குடைக்கு டிக்கெட் வாங்கறீங்களா?"

"அங்க உக்காந்தா மேடை முழுசாத் தெரியாதும்மா. இடது சீட்டுல இருந்தா இடது பாதி, வலது சீட்டுல இருந்தா வலது பாதி. காசு குடுத்து யாரு பாதி நாடகம் பாப்பாங்க?"

கேட்டுவிட்டு மேலாளர் தானே நிறுத்திக்கொண்டாள். நடிகர் சிரிப்பை அடக்க ஒட்டுமீசையைக் கடித்துக்கொண்டார்.

"எங்களுக்குப் பாதி பழக்கம்தாம்மா" என்றாள் அக்கா. "ரெண்டு சீட்டு, ரெண்டு பாதி. ஒரு டிக்கெட் விலை. நீங்களும் விதியை மீற வேண்டாம், நாங்களும் மீற வேண்டாம். ரெண்டு கையிலயும் முத்திரை குத்திக்கங்க."

மேலாளர் திரையைப் பார்த்தாள். சாம்பல் கட்டங்களைப் பார்த்தாள். சுட்டியை நகர்த்தி அந்தக் கறுப்பு இரண்டின் மேலும் சொடுக்கினாள். அவை பச்சையாக மாற மறுத்தன. "கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, கையாலேயே எழுத ஆரம்பித்தாள். "தூண், ரெண்டு பேர்."

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா விறுவிறுவென்று முன்னால் போனாள். ரொட்டிக்காரர் இரண்டு அடி பின்னாலேயே வந்தார்.

"தூங்கிட்டேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"ஒரு கூடை ரொட்டி விலை. அதுல தூங்கினேன்னு எந்த வாயால சொல்றது?"

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"ஒரே தடவை."

அக்கா நின்று திரும்பினாள்.

"ரெண்டு" என்றார். "சரி, மூணுன்னு வச்சுக்க."

"அந்தப் படகு நாடகம்? தங்கச்சி படகோட முழுகிட்டான்னு சொன்னீங்களே. நான் உள்ள உக்காந்து முழு நேரமும் அவளுக்காக அழுதேனே! யாருமே அவளைப் பத்திப் பேசலையேன்னு மனசு விட்டுப் போச்சு!"

ரொட்டிக்காரர் தெருவிளக்கைப் பார்த்தார். கதவுக்காரரிடம் கற்றுக்கொண்டது போலிருந்தது.

"படகு நிஜம்" என்றார். "தங்கச்சிதான்..."

"தங்கச்சியே இல்லையா?"

"நான் சொன்னப்போ நீ ரொம்ப ஆசையாக் கேட்டே."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபம் பாதி வழி வந்து, என்னவோ ஆகி, சிரிப்பாக மாறிப்போனது. தெருவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இல்லாத ஒருத்திக்காக அத்தனை நேரம் அழுதிருக்கிறாள். அந்தத் தங்கை முகம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது, பல்வரிசை உட்பட.

அடுத்த நாடகத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். கதவுக்காரர் குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய மனிதர்களுக்கு வழி விடுவதுபோல் குனிந்து கையைக் காட்டினார். இருவர் கையிலும் ஊதா முத்திரை. இந்த முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை.

தூண் அவர்களுக்கு முன்னால், இருவருக்கும் நடுவில் நேராக நின்றது. அக்கா இடதுபுறம், ரொட்டிக்காரர் வலதுபுறம். மூன்றாவது மணி அடித்தது. பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது, விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின, எங்கோ ஒருவர் கடைசியாக ஒரு முறை செருமிக்கொண்டார், முழு இருட்டு வந்தது. அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பேர் ஒன்றாக மூச்சை அடக்கிக் காத்திருக்கும் அந்தக் கணத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடைவேளைக்குப் பிறகு அவசரமாக விழும் இருட்டுத்தான்.

நாடகம் தொடங்கியது. பேசுகிறவன் இந்தப் பக்கம் நின்றால் கேட்கிறவன் அந்தப் பக்கம் நின்றான்.

"என்ன பண்றான்?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டான். உன் பக்கம்?"

"இவ அழறா. ஆனா பொய் அழுகை."

"எப்படித் தெரியும்?"

"பல்லு தெரியுது."

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கத்திலிருந்து செய்தி வருவது நின்றபோது, அக்கா தூணுக்குப் பின்னால் கையை நீட்டி முழங்கையால் ஓர் இடி கொடுத்தாள். "முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர், தூக்கக் குரலில்.

இடைவேளையில் டீ குடித்தார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. அது விநோதமாக இருந்தது. இரண்டு பேரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் ரொட்டிக்காரர் பழக்கதோஷத்தில் பூங்கா பக்கம் நடக்கத் தொடங்கினார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசிக் காட்சியில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். திரை விழுந்தது. ரொட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் போனார். "இருங்க" என்றாள் அக்கா.

திரை மறுபடி விலகியது. விளக்குகள் எல்லாம் முழுதாக எரிந்தன. செத்தவர்கள் எழுந்து வந்தார்கள். கொன்றவன் வந்தான். பொய் அழுகை அழுதவள் வந்தாள். எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு வரிசையாக நின்று குனிந்தார்கள். கைதட்டல் மாடியிலிருந்து மழைபோல் இறங்கியது.

ரொட்டிக்காரர் தட்டவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டேன். இதை நீ சொன்னதே இல்லையே" என்றார்.

அக்கா யோசித்தாள். இத்தனை வருடம், இத்தனை இரண்டாம் பாதி. யார் செத்தார், யார் யாரோடு சேர்ந்தார், எல்லாம் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை.

"இது கதையில இல்லையேங்க. அதான் விட்டுட்டேன் போல."

அவர் தட்ட ஆரம்பித்தார். மாவு பிசைந்து தடித்த கை. அந்தச் சத்தத்துக்கு முன்வரிசைக்காரர் மறுபடி திரும்பிப் பார்த்தார். இந்த முறை உதட்டில் விரல் வைக்கவில்லை.

"உன் பக்கம் எத்தனை பேரு?" என்று கேட்டார், தட்டிக்கொண்டே.

"நாலு. உங்க பக்கம்?"

"மூணு. ஆனா என் பக்கத்துக் கடைசி ஆளோட கை தூணுக்குள்ள போகுது."

"என் பக்கமும்."

அங்கே யாரோ ஒருவர், இருவர் கண்ணுக்கும் தெரியாமல், இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். அவரைப் பார்க்க அக்கா வலப்பக்கமாகச் சாய்ந்தாள், ரொட்டிக்காரர் இடப்பக்கமாகச் சாய்ந்தார். தூணுக்குப் பின்னால் இரண்டு தலையும் 'டொக்' என்று முட்டிக்கொண்டன.